அட்டையில் உள்ள எண்ணும் நமது நிறுவைதான்

(மாதர் தலைவிமாரும் தோட்டக் கமிட்டித் தலைவர்மாரும் கலந்துகொண்ட வட்டாரக் கூட்டத்தில், நமது அமைப்பாளர்களில் ஒருவரான தோட்டப் பாடசாலை ஆசிரியை ஆற்றிய உரை)



இன்றைய கூட்டத்தில் பிள்ளைத்தாச்சிப் பெண்களுக்கு வரும் சீனி வருத்தத்தைப் பற்றிக் கதைக்கப் போகிறோம் என்றதும், "அது டொக்டர்மார் கதைக்கிற விசயம், சங்கத்துக்கு இதில் என்ன வேலை?" என்று சில தலைவர்மார் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லிவிட்டே தொடங்குகிறோம்.

பிள்ளைத்தாச்சிப் பெண் என்ன சாப்பிடுகிறாள் என்பதைச் சம்பளம் தீர்மானிக்கிறது. அவள் எந்த நாளில் கிளினிக்குக்குப் போகலாம் என்பதைச் செக்ரோல் தீர்மானிக்கிறது. வெறும் வயிற்றோடு நேரத்துக்குப் போய்ச் சேருவாளா என்பதைத் தோட்டத்து ரோடும் பஸ்ஸும் தீர்மானிக்கின்றன. சம்பளமும் செக்ரோலும் ரோடும் சங்கத்தின் விசயம் என்றால், இதுவும் சங்கத்தின் விசயம்தான்.

வயிற்றுக்குள் என்ன நடக்கிறது?

சோறோ ரொட்டியோ, நாம் சாப்பிடுவதில் பெரும் பகுதி உடம்புக்குள் சீனியாக மாறி இரத்தத்தில் ஓடுகிறது. அந்தச் சீனியை இரத்தத்திலிருந்து தசைகளுக்குள் சேர்ப்பது இன்சுலின். வயிற்றில் இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் கணையம் என்ற உறுப்பு அதைச் சுரக்கிறது.

பிள்ளை தரித்த பிறகு, நஞ்சு என்று நாம் சொல்லும் இளங்கொடி சில சுரப்புகளை உண்டாக்குகிறது. அவை தாயின் உடம்பில் இன்சுலினின் வேலையைக் கொஞ்சம் மந்தப்படுத்தும். பிள்ளைக்குச் சீனி தட்டில்லாமல் போய்ச் சேருவதற்கு இயற்கை செய்து வைத்த ஏற்பாடு அது. தாயின் கணையமும் அதற்கு ஈடாகக் கூடுதலாக இன்சுலின் சுரக்கும். எல்லாப் பிள்ளைத்தாச்சிக்கும் இது நடக்கிறது. சிலருடைய கணையத்தால் அந்த ஈட்டைக் கொடுக்க முடிவதில்லை. அப்போது சீனி இரத்தத்திலேயே தேங்கி நிற்கிறது. அதிகமானவர்களுக்கு இது தெரிய வருவது ஆறாம் மாதத்தை ஒட்டி. இதைத்தான் கர்ப்பகால நீரிழிவு என்கிறார்கள்.

தாயின் சீனி கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகும். தாயின் இன்சுலின் போகாது. அதனால் வயிற்றில் இருக்கும் பிள்ளையே கூடுதலாக இன்சுலின் சுரந்து அந்தச் சீனியைக் கொழுப்பாகச் சேர்த்து வைக்கிறது. பிள்ளை அளவுக்கு மீறிப் பெரிதாகிறது, பிரசவத்தில் தோள் சிக்குகிறது, ஒப்பரேசன் தேவைப்படுகிறது. பிறந்ததும் தாயின் சீனி நின்றுவிடும், பிள்ளையின் இன்சுலின் மட்டும் மிஞ்சி நிற்கும். அதனால் பிள்ளையின் சீனி திடீரென்று இறங்கி ஆபத்தாகலாம். தாய்க்குப் பிரஷர் ஏறலாம். கவனிக்காமல் விட்டால் சில பிள்ளைகள் வயிற்றிலேயே இறந்துபோவதும் உண்டு. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. நேரத்தோடு கண்டுபிடித்தால் இவற்றில் பெரும்பாலானவற்றைத் தடுக்கலாம். அதற்காகத்தான் இந்தக் கூட்டம்.

இந்த வருத்தத்துக்கு நோக்காடு கிடையாது. தலைசுற்று, களைப்பு, அடிக்கடி சலம் போவது எல்லாம் எந்தப் பிள்ளைத்தாச்சிக்கும் வரும். ஆகவே, "எனக்கு ஒன்றும் செய்யவில்லையே" என்பது சரியான பதில் ஆகாது. இரத்தத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

"மலை ஏறி இறங்குகிற நமக்கா?"

நாம் அதிகமாகக் கேட்கிற கேள்வி இது. சீனி வருத்தம் டவுனில் கதிரையில் உட்கார்ந்து வேலை செய்யும் தடித்த ஆட்களுக்கு வருவது, கொழுந்துக் கூடையோடு மலை ஏறுகிற ஒல்லி உடம்புக்கு வராது என்று நம் வயதானவர்கள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை நம்மைக் காப்பாற்றப் போவதில்லை.

1992 ஆம் ஆண்டு ஹேல்ஸ், பார்க்கர் என்ற இரண்டு ஆங்கிலேய ஆராய்ச்சியாளர்கள் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். தாயின் வயிற்றில் சாப்பாடு போதாமல் வளரும் பிள்ளை, கிடைப்பதை மூளைக்குக் கொடுத்துவிட்டுக் கணையம் போன்ற உறுப்புகளைச் சிக்கனமாகக் கட்டிக்கொள்கிறது. அப்படிப் பிறந்த பிள்ளைக்குப் பின்னால் மாவும் சீனியும் தாராளமாகக் கிடைக்கும்போது, அந்தச் சின்னக் கணையம் தாக்குப் பிடிப்பதில்லை. ஒல்லாந்து நாட்டில் யுத்த காலத்தில், 1944 - 45 குளிர்காலத்தில் பெரும் பட்டினி வந்தது. அப்போது வயிற்றில் இருந்த பிள்ளைகளை 50 வயதில் பரிசோதித்தபோது, சீனியைச் சமாளிக்கும் சக்தி அவர்களுக்குக் குறைந்திருந்தது தெரிய வந்தது.

பட்டினிக்கு நாம் ஒல்லாந்து வரை போகத் தேவையில்லை. 1973, 74 ஆம் ஆண்டுகளில் மாவும் அரிசியும் கிடைக்காமல் நமது தோட்டங்களில் சனங்கள் கிழங்கையும் கீரையையும் அவித்துத் தின்றதையும், லயத்துக்கு லயம் சாவு விழுந்ததையும், வன்னிப் பக்கம் பிழைக்கப் போனதையும் நமது ஆத்தாமார் இன்னும் சொல்கிறார்கள். அந்த வருசங்களில் வயிற்றில் இருந்த பெண் பிள்ளைகளுக்கு இப்போது 50 வயது தாண்டிவிட்டது. அவர்களுடைய மகள்மார்தான் இன்று கிளினிக் வரிசையில் நிற்கிறார்கள்.

பஞ்சம் முடிந்தாலும் குறை முடியவில்லை. 2016 ஆம் ஆண்டு எடுத்த தேசியக் குடிசன சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதற்கும் நூற்றுக்கு 17 பேர், தோட்டப் புறத்தில் நூற்றுக்கு 32 பேர். நிறை குறைந்த பிள்ளைகள் அதிகமாகப் பிறப்பதும் தோட்டப் புறத்தில்தான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை உயரப்படி வரிசையில் நிறுத்தும்போதெல்லாம் அந்த எண்ணை நாங்கள் கண்ணால் பார்க்கிறோம். அந்த வரிசையில் நிற்கும் பெண் பிள்ளைகள் நாளைக்குத் தாய்மார். ஆகவே சீனி ஏறிய பிள்ளைத்தாச்சியைப் பார்த்து, "வாயைக் கட்டவில்லை, அதனால்தான் வந்தது" என்று யாரும் பேசவேண்டாம். அவள் பிறப்பதற்கு முன்பே தொடங்கிய கணக்கு இது.

தராசைப் பார்க்கிற மாதிரி அட்டையைப் பாருங்கள்

நிறுவை நேரத்தில் நம் பெண்கள் தராசு முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டார்கள். அரைக் கிலோ குறைத்துப் போட்டாலும் சத்தம் வந்துவிடும். அதே பெண் கிளினிக் அட்டையை வாங்கி, விரித்துப் பார்க்காமலே மடித்துச் சேலை மடிப்பில் வைத்துக்கொள்கிறாள். "அதெல்லாம் இங்கிலீசிலும் சிங்களத்திலும் எழுதியிருக்கு, டீச்சர்" என்கிறாள். எழுத்து எந்தப் பாசையில் இருந்தாலும் எண் ஒன்றுதான். கீழே சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, நிறையும் உயரமும். நிறையைக் கிலோவிலும் உயரத்தை மீற்றரிலும் எடுத்து, நிறையை உயரத்தால் இரண்டு தடவை பிரித்தால் ஓர் எண் வரும். நம்மைப் போன்ற ஆசிய மக்களுக்கு அது 23 ஐத் தாண்டினாலே கவனம் வேண்டும். 145 சென்ரிமீற்றர் உயரமுள்ள பெண்ணுக்கு 49 கிலோ வந்தாலே அந்த எண் 23 ஐத் தாண்டிவிடும். பார்வைக்கு அவள் ஒல்லியாகத்தான் இருப்பாள். பிள்ளை தரிக்காத காலத்தில், படங்கு கட்டுகிற இடுப்புச் சுற்றளவு 80 சென்ரிமீற்றருக்கு மேல் போவதும் ஓர் எச்சரிக்கை.

இரண்டாவது, பிரஷர். மேல் எண் 140, கீழ் எண் 90. இரண்டில் ஒன்று அந்த அளவைத் தொட்டாலும் அன்றைக்கே டொக்டர் பார்க்கவேண்டும்.

மூன்றாவது, சீனி. வெறும் வயிற்றில் இரத்தம் எடுத்து, 75 கிராம் குளுக்கோசைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, ஒரு மணித்தியாலத்திலும் இரண்டு மணித்தியாலத்திலும் திரும்ப இரத்தம் எடுப்பார்கள். வெறும் வயிற்றில் 92, ஒரு மணித்தியாலத்தில் 180, இரண்டு மணித்தியாலத்தில் 153. இந்த மூன்றில் ஒன்று எட்டினாலே கர்ப்பகால நீரிழிவு என்று எடுப்பார்கள். வெறும் வயிற்றில் 126, அல்லது இரண்டு மணித்தியாலத்தில் 200 வந்தால், பிள்ளை தரிக்கும் முன்பே சீனி வருத்தம் இருந்திருக்கலாம். 92 க்கு ஒன்று குறைந்தால் ஒன்றுமில்லை என்றும் நினைக்கக் கூடாது. ஒன்பது நாடுகளில் 23,000 க்கும் மேற்பட்ட தாய்மாரைப் பார்த்து 2008 இல் வெளிவந்த ஆய்வில், சீனி ஏற ஏற ஆபத்தும் படிப்படியாக ஏறுவதுதான் தெரிந்தது.

நான்காவது, இரத்தத்தின் அளவு, அதாவது ஹீமோகுளோபின். 11 க்குக் கீழே போனால் இரத்தச் சோகை. மூன்று மாதச் சீனியைக் காட்டும் எச்.பி.ஏ.வன்.சி. என்ற பரிசோதனை, இரத்தச் சோகை உள்ளவர்களுக்குப் பிழையான எண்ணைக் காட்டக்கூடும். அதனால் குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் பரிசோதனைதான் நமக்கு நம்பிக்கையானது. இன்னொன்று: கிளினிக்கில் கொடுக்கும் இரும்புச்சத்துக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்காதீர்கள். தேயிலையின் சாயம் இரும்பு உடம்பில் சேர்வதைத் தடுக்கும். ஒரு மணித்தியாலமாவது இடைவெளி விடுங்கள்.

பரிசோதனை நாளின் விலை

கிளினிக்கில் முதன்முதலாகப் பதியும்போதே சீனி பார்க்கவேண்டும். அப்போது சரியாக இருந்தாலும் 24 க்கும் 28 க்கும் இடைப்பட்ட வாரங்களில் திரும்பவும் பார்க்கவேண்டும். இரண்டாவதைத்தான் நம் பெண்கள் அதிகமாகத் தவற விடுகிறார்கள். காரணம் அலட்சியம் என்று சொல்வது லேசு. கணக்கைப் பாருங்கள்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எட்டு மணித்தியாலத்துக்குக் குறையாமல் ஒன்றும் சாப்பிடக் கூடாது. வெறும் பச்சைத் தண்ணி குடிக்கலாம். சீனி போட்ட பிளேன்டீ ஒரு மிடறு உள்ளே போனாலும் பரிசோதனை பிழைத்துவிடும். ஆறு மாத வயிற்றோடு, வெறும் வயிற்றில், மேல் பிரிவிலிருந்து ரோட்டுக்கு இறங்கி, பஸ் பிடித்து, வரிசையில் நின்று, மூன்று தடவை இரத்தம் கொடுத்துத் திரும்பும்போது பகல் தாண்டிவிடும். அன்றைய பேர் போச்சு. இன்னும் சில தோட்டங்களில் அந்த மாத வரவு குறைந்தது என்று வேறு கொடுப்பனவும் வெட்டுப்படும். கடைசி மூன்று மாதத்தில் ஒவ்வொரு பேரையும் எண்ணிச் சேர்க்கிற வீட்டில், "பிள்ளை நன்றாகத் துடிக்கிறது, எதற்குப் பரிசோதனை?" என்று மாமியார் சொன்னால் மருமகள் என்ன செய்வாள்?

சிலர் பஸ்ஸில் மயக்கம் வரும் என்று பயந்து ஒரு துண்டு ரொட்டியைத் தின்றுவிட்டுப் போகிறார்கள். அங்கே போனதும் இன்னொரு நாள் வரச் சொல்கிறார்கள். இரண்டு பேர் போச்சு. மூன்றாம் தடவை அவள் போவதில்லை.

ரொட்டியும் பிளேன்டீயும்

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லும்போது, அப்பிளும் ஓட்சும் சாப்பிடு என்று சொல்ல நாங்கள் வரவில்லை. நமது அடுப்படியில் இருப்பதைப் பற்றிச் சொல்கிறோம்.

ஒரு தேக்கரண்டி சீனி ஏறத்தாழ 5 கிராம். ஒரு பிளேன்டீக்கு இரண்டு கரண்டி, ஒரு நாளைக்கு ஆறு தடவை என்றால் 60 கிராம். பரிசோதனையில் கொடுக்கும் 75 கிராமுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. 100 கிராம் கோதுமை மாவில் ஏறத்தாழ 75 கிராம் மாச்சத்து. அது எல்லாமே உள்ளே போய்ச் சீனிதான். காலையில் இரண்டு ரொட்டி, பகல் மலையில் இரண்டு ரொட்டி, இரவு சோறு என்று போகும்போது கணையத்துக்கு ஓய்வே இல்லை.

மாவை நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை. நிறுத்தினால் வேறு என்ன இருக்கிறது? ரொட்டியின் அளவைக் குறைத்து, கூடவே பருப்பு, கௌபி, கடலை, பாசிப்பயறு, நெத்தலிக் கருவாடு, முட்டை இவற்றில் ஒன்றையாவது சேருங்கள். குரக்கன் மா கிடைத்தால் பாதிக்குப் பாதி கலந்து சுடுங்கள். லயத்துக்குப் பின்னால் நாலு அடி நிலம் இருந்தால் போதும், வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் வரும். ரொட்டிக்குச் சம்பலோடு ஒரு கை கீரைச் சுண்டல் இருந்தால் சீனி மெல்ல ஏறும். மூன்று வேளையில் அடைத்துத் தின்பதை ஐந்து ஆறு சின்ன வேளைகளாகப் பிரியுங்கள். "இரண்டு உயிருக்குச் சாப்பிடு" என்று தட்டில் இரண்டு மடங்கு சோறு போடுகிற அன்பைக் கொஞ்சம் முட்டை பக்கம் திருப்புங்கள், அத்தைமாரே. திரிபோஷாவைச் சீனி போட்டு உருட்டாதீர்கள். சீனி வருத்தம் என்று சொல்லப்பட்டவர்கள் எவ்வளவு எடுக்கலாம் என்று மருத்துவ மாதுவிடம் கேளுங்கள்.

பிளேன்டீயில் சீனியை ஒரே நாளில் விட முடியாது. வாரத்துக்கு அரைக் கரண்டி குறைத்துக்கொண்டு வாருங்கள். ஆம்பிளை ஆட்களுக்கும் ஒரு வார்த்தை: சம்பள நாளில் ஒரு கால் போத்தலுக்குப் போகிற காசில் எத்தனை முட்டை வாங்கலாம் என்று கடையில் விசாரித்துப் பாருங்கள்.

வந்துவிட்டால்

சீனி இருக்கிறது என்று சொல்லிவிட்டால் உலகம் முடிந்துபோவதில்லை. பலருக்குச் சாப்பாட்டை ஒழுங்கு செய்வதும் சாப்பிட்ட பிறகு கொஞ்ச நேரம் நடப்பதுமே போதும். வெறும் வயிற்றில் 95 க்குக் கீழே, சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்தில் 120 க்குக் கீழே வைத்திருப்பதுதான் இலக்கு. அப்படியும் இறங்காவிட்டால் குளிசை கொடுப்பார்கள், அல்லது இன்சுலின் ஊசி. ஊசி என்றதும் "பிள்ளைக்குக் கூடாது" என்று பயந்து நிறுத்திவிடாதீர்கள். இன்சுலின் கொடியைத் தாண்டிப் பிள்ளைக்குப் போகாது என்று முன்பே சொன்னோம். பிள்ளைக்குக் கெடுதி செய்வது சீனிதான்.

லயத்தில் பிரிஜ் இல்லையே என்று கேட்பீர்கள். திறந்து பாவிக்கும் மருந்துப் போத்தலை அடுப்புப் பக்கமும் வெயிலும் இல்லாத குளிர்ந்த இடத்தில் நான்கு வாரம் வரை வைத்துப் பாவிக்கலாம். திறக்காத போத்தலைத் தோட்ட டிஸ்பென்சரிப் பிரிஜ்ஜில் வைத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள்.

இன்சுலின் போடும் பெண் சாப்பிடாமல் மலைக்குப் போகவே கூடாது. கை நடுங்கி, வேர்த்து, கண் இருண்டு வந்தால் சீனி இறங்குகிறது என்று அர்த்தம். சரிவில் நிற்கும்போது அப்படி வந்தால் விழுந்துவிடுவாள். உடனே சீனியோ குளுக்கோசோ வாயில் போடவேண்டும். பக்கத்து நிரையில் பறிக்கிறவளுக்கு இது தெரிந்திருக்கவேண்டும், மடியில் ஒரு பொட்டலம் சீனி இருக்கவேண்டும்.

பிள்ளை பிறந்ததும் ஒரு மணித்தியாலத்துக்குள் தாய்ப்பால் கொடுக்கவேண்டும். அது பிள்ளையின் சீனியைக் காக்கும், தாய்க்குப் பின்னால் வருத்தம் வரும் வாய்ப்பையும் குறைக்கும். பெரும்பாலும் பிரசவத்தோடு சீனி இறங்கிவிடும். அதோடு அட்டையை எறிந்துவிடுவதுதான் நம் வழக்கம். கர்ப்பத்தில் சீனி வந்த பெண்ணுக்கு நிரந்தரச் சீனி வருத்தம் வரும் வாய்ப்பு, வராத பெண்ணைவிட ஏழு மடங்குக்கும் மேல். ஆகவே பிரசவித்து ஆறு வாரத்தில் ஒரு தடவை, பிறகு வருசத்துக்கு ஒரு தடவை சீனி பார்க்கவேண்டும். அடுத்த பிள்ளை தரித்தால் முதல் நாளே சொல்லவேண்டும்.

சங்கம் செய்யவேண்டியது

1939 ஆம் ஆண்டின் பிரசவ நன்மைகள் கட்டளைச் சட்டம் நமக்கு இருக்கிறது. 2018 இல் செய்த திருத்தத்தின் பிறகு, எத்தனையாவது பிள்ளையாக இருந்தாலும் 84 நாள் லீவு உண்டு. மூன்றாம் பிள்ளைக்கு 42 நாள்தான் என்று யாராவது சொன்னால் அது பழைய கதை. கர்ப்பத்தைக் காரணம் காட்டி யாரையும் வேலையிலிருந்து நிறுத்த முடியாது. ஒரு வயதுக்குள் பிள்ளை உள்ள தாய்க்குப் பால் கொடுக்க நாளைக்கு இரண்டு இடைவேளை உண்டு. ஆனால் பிரசவத்துக்கு முந்திய ஏழெட்டு மாதம் கிளினிக்குக்கு நடக்கிற நாட்களுக்குப் பேர் கிடைப்பது தோட்டத்துக்குத் தோட்டம், துரைக்குத் துரை மாறுகிறது. அதை மாற்றுவதுதான் நமது வேலை.

கோரிக்கைகளை மூன்றாகச் சுருக்கியிருக்கிறோம். கிளினிக் அட்டையைக் காட்டினால் அந்த நாளுக்கு முழுப்பேர் போடவேண்டும், வரவுக் கொடுப்பனவிலும் வெட்டக் கூடாது. 24 க்கும் 28 க்கும் இடைப்பட்ட வாரங்களில் சீனிப் பரிசோதனையைத் தோட்டத்திலேயே செய்ய, சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயத்தோடு நிர்வாகம் பேசி ஒழுங்கு செய்யவேண்டும். முடியாவிட்டால் விடியற்காலையில் வாகனம் கொடுக்கவேண்டும். தமிழில் விளக்கிச் சொல்ல ஓர் ஆள் கிளினிக்கில் இருக்கவேண்டும்.

நிர்வாகம் சம்மதிக்கும் வரை நாம் கை கட்டி இருக்கப் போவதில்லை. ஒவ்வொரு மாதர் தலைவியும் தமது பிரிவில் உள்ள பிள்ளைத்தாச்சிகளின் பெயரையும் 24 ஆவது வாரம் எந்தத் திகதியில் வருகிறது என்பதையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். கணக்குப் போடத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு வாருங்கள், நாங்கள் போட்டுத் தருகிறோம். அவர்களில் பரிசோதனை செய்தவர் எத்தனை, செய்யாதவர் எத்தனை, எத்தனை பேருக்கு அந்த நாளின் பேர் வெட்டுப்பட்டது என்பதையும் எழுதுங்கள். எண்ணோ முடிவோ எதுவாக இருந்தாலும் அந்தப் பெண் தானாகச் சொன்னால் மட்டும் எழுதுங்கள். அது அவளுடைய உடம்பு விசயம், லயம் முழுக்கத் திரிய வேண்டியதல்ல.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு அந்தக் கொப்பிகள் வரவேண்டும். அவற்றை வைத்துத்தான் நிர்வாகத்தோடு பேசப் போகிறோம். கொப்பி இல்லாமல் போனால், "எங்கள் தோட்டத்தில் அப்படி ஒரு பிரச்சினையே இல்லை" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

இனி உங்கள் கேள்விகளைக் கேளுங்கள்.